பஜனைக்குக் கூட வாசிக்க: ஆர்மோனியமா, கீபோர்டா?

பஜனை கோஷ்டியில் பின்னால் உட்கார்ந்து நாமாவளி திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஒரு கட்டத்தில் ஆசை வரும், கூடவே வாசிக்கவும் கற்றுக்கொண்டால் என்ன என்று. அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: ஆர்மோனியம் வாங்குவதா, கீபோர்டு வாங்குவதா? இரண்டும் என் வீட்டில் இருந்தன. இப்போது ஆர்மோனியம் மட்டும்தான் இருக்கிறது. நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கீபோர்டு எடை குறைவு, ஹெட்போன் மாட்டி நடுராத்திரியிலும் பழகலாம், சுருதி கலையாது. ஆர்மோனியத்துக்குக் கரண்ட் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். மார்கழி வீதி பஜனையில் கழுத்தில் வார் போட்டு மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்கலாம். கீபோர்டோடு மாடவீதி சுற்றியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கமகத்தைப் பற்றி, அதாவது சுரத்தை வளைத்து அசைப்பதைப் பற்றி, பெரிய விவாதமே நடக்கும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போக முடியாது என்பது ஆர்மோனியத்தின் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. கீபோர்டிலும் கட்டைகள் தனித்தனிதான் என்றாலும், சுரத்தை வளைக்கும் சக்கரத்தை வைத்துக் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டியவர் கீபோர்டு சத்யநாராயணன். அந்தக் கைப்பழக்கம் எனக்கு இல்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பஜனையில் கமகத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். வாத்தியம் பாட்டின் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். எனவே இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க வேண்டியது சுருதியை வைத்து. என்னைக் கேட்டால் அது ஒன்றை வைத்துத்தான்.

கோஷ்டியில் ஒரே ஆள் பாடிக்கொண்டிருப்பதில்லை. பாடுபவர் தன் ஸவை, அதாவது ஸட்ஜத்தை, எந்தக் கட்டையில் வைக்கிறார் என்பதை எண்ணால் சொல்வார்கள்: 1 கட்டை என்றால் C, அரை எண்கள் கறுப்புக் கட்டைகள். ஒரு மாமா 1½ கட்டையில் ஆரம்பிப்பார், அடுத்து ஒரு மாமி 5 கட்டையில் எடுப்பார், அப்புறம் ஒரு சின்னப் பையன் எதிலோ எடுப்பான். கூட வாசிப்பவர் அவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். கீபோர்டில் இதற்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஏழு தடவை தட்டினால் 1 கட்டையில் விரல் வைத்தால் 5 கட்டை ஒலிக்கும். விரல் பழகிய இடத்தை விட்டு நகரவே வேண்டாம். கேட்கும்போது இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த வசதிதான் கெடுதல். கண் 1 கட்டையைப் பார்க்கிறது, காது 5 கட்டையைக் கேட்கிறது. கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸட்ஜம். ஆரம்பப் பாடத்துக்கான மாயாமாளவகௌளை ராகத்தின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1 கட்டையில் வாசித்தால் ரியும் தாவும் மட்டும் கறுப்பு, மற்றவை வெள்ளை. 5 கட்டையில் நியும் கறுப்புக்குப் போய்விடும். 2 கட்டையில் ரி, க, த, நி நான்கும் கறுப்பு. மூன்று இடத்திலும் வாசித்துப் பழகியவருக்கு ஸவிலிருந்து ரி ஒரு படி, ரியிலிருந்து க மூன்று படி என்ற தூரம் மனதில் உட்காரும். கட்டையின் நிறம் மறந்துபோய் இடைவெளி மட்டும் நிற்கும். சுரஸ்தானம் புரிவது அப்போதுதான். பட்டனைத் தட்டியே பழகியவருக்கு "ரியும் தாவும் கறுப்பு" என்பதோடு பாடம் நின்றுவிடுகிறது.

சரி, எனக்கு சுரஞானமெல்லாம் வேண்டாம், கூட வாசித்தால் போதும் என்கிறீர்களா? அங்கேயும் பட்டன் பாதி வழிதான் வரும். மத்யம சுருதிப் பாட்டுகள் இருக்கின்றனவே, வழக்கமான மவையே ஸவாக வைத்துப் பாடுபவை. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி ராகங்களெல்லாம் பஜனையில் அடிக்கடி வருபவை, பலர் இவற்றை மத்யம சுருதியில்தான் பாடுவார்கள். 2 கட்டையில் பாடிக்கொண்டிருந்த பாகவதர் நாமாவளியை முடித்து, மூச்சு விடாமல் புன்னாகவராளியில் ஒன்றை எடுத்தால், அவருடைய ஸ இப்போது 5 கட்டைக்குப் போய்விட்டது. பட்டனைத் தேடி எண்ணிக்கொண்டிருந்தால் பல்லவி முடிந்திருக்கும். தேடாமல் வாசிக்க வேண்டுமென்றால் வேறு கட்டையை ஸவாக வைத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எதைத் தவிர்க்கலாம் என்று பட்டன் சொன்னதோ, அதே வித்தை.

ஆர்மோனியத்தில் அந்தப் பட்டனே கிடையாது. முதல் மாதங்கள் எரிச்சலாக இருக்கும். ஆனால் போகப் போகக் கை தானாக இடம் மாறும். நடுவில் சில சந்தோஷங்களும் உண்டு. கறுப்புக் கட்டைகள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு 4½ கட்டையை ஸவாக வைத்தால் மோகன ராகம். அதே ஐந்தில் 5½ கட்டையிலிருந்து ஆரம்பித்தால் மத்யமாவதி. 6½ கட்டையிலிருந்து ஹிந்தோளம், 1½ கட்டையிலிருந்து சுத்த சாவேரி, 2½ கட்டையிலிருந்து சுத்த தன்யாசி. இப்படி ஸவை மாற்றி வேறு ராகம் பிறப்பதைக் கிரக பேதம் என்று புத்தகத்தில் படித்தால் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும் விஷயம், கைக்கு ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். கீபோர்டிலும் இதைச் செய்யலாம், கட்டைகள் அதே கட்டைகள்தானே. ஆனால் பட்டன் பக்கத்தில் இருக்கும்போது யார் செய்கிறார்கள்?

இந்தக் காரணத்தாலேயே ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியத்தையும் முதல் பெட்டியாக நான் சொல்லமாட்டேன். அதில் கட்டை வரிசையையே பக்கவாட்டில் நகர்த்திவிடலாம், ஆக அதே பட்டன் வேலைதான். எடையும் கூடும், விலையும் கூடும். நான் வாசித்ததெல்லாம் நண்பர் வீட்டுப் பெட்டியில்தான். வருஷக்கணக்கில் எப்படி உழைக்கும் என்பதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

இடது கை விஷயமும் உண்டு. ஆர்மோனியத்தில் அது துருத்திக்குப் போய்விடும், வலது கை பாட்டை மட்டும் வாசிக்கும். கீபோர்டில் இடது கை சும்மா இருக்காது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடிக்கப் போகும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே (ப) கிடையாது. ஸவை அடிப்படையாக வைத்து வழக்கமான கார்டு ஒன்றைப் பிடித்தால் பஞ்சமம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், ராகம் அதோடு போச்சு. தானியங்கித் தாளமும் அப்படித்தான். நான்கு, மூன்று எண்ணிக்கையில் நிறைய இருக்கும். மிஸ்ர சாபுவின் ஏழும் கண்ட சாபுவின் ஐந்தும் இந்திய இசைக்கென்று தயாரித்த கருவியாக இல்லாவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும், நாமாவளி சூடுபிடித்துப் பாகவதர் மேல்காலத்துக்குத் தாவும்போது இயந்திரம் பழைய காலத்திலேயே தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஜால்ராக்காரர் முறைப்பார்.

பராமரிப்பில் மட்டும் கீபோர்டு ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. ஆர்மோனியத்தில் தூசி ஒரு துகள் ரீடில் (ஒலி எழுப்பும் உலோக நாக்கில்) சிக்கினால் அந்தச் சுரம் ஊமையாகும், இல்லாவிட்டால் ஓயாமல் கத்தும். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கட்டை இறுகும். எலிக்குத் துருத்தியின் மேல் ஏன் அவ்வளவு பிரியமோ தெரியவில்லை. சுருதி சேர்ப்பதென்றால் ரீடைச் சுரண்ட வேண்டும்: நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய உலோகம் திரும்ப வராது, அதனால் கை தேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால், இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் துருத்தியை நிரப்பி, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் கையை எடுத்துப் பாருங்கள். தானாகவே சட்டென்று படுத்துவிட்டால் எங்கோ காற்று போகிறது.

சினிமாப் பாட்டு, மேற்கத்திய பியானோ எல்லாமும் கற்கப்போகும் பிள்ளைக்கு கீபோர்டே சரி. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் அதுவே. வாங்கினால் ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடியும்வரை டிரான்ஸ்போஸைத் தொடாமல் 1, 2, 5 என்று மூன்று கட்டைகளிலும் வாசியுங்கள். ஆர்மோனியம் கட்டாயப்படுத்துவதைக் கீபோர்டில் நீங்களே கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசிக்க வேண்டாம், பாட மட்டும் போதும் என்பவர்கள் இரண்டையும் வாங்க வேண்டாம். தம்புரா செயலி போதும். இரண்டு வாத்தியத்திலும் பன்னிரண்டு சுரமும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்தால், அவற்றின் அந்தர காந்தாரம் (மாயாமாளவகௌளையில் வந்த க) தம்புராவோடு இயல்பாக இழையும் காந்தாரத்தைவிட 14 பங்கு தூக்கலாக இருக்கும். பஞ்சமம் 2 பங்கு குறைவு, அது காதுக்குத் தெரியாது. காந்தாரம் தெரியும். தினமும் ஆர்மோனியத்தோடு ஒட்டியே பாடினால் குரலும் அந்தத் தூக்கலுக்குப் போய்ப் பழகிவிடும். நானே காலையில் குரல் சாதகத்தைத் தம்புராவோடு முடித்துவிட்டு, அப்புறம்தான் பெட்டியைத் திறக்கிறேன்.