மாடியிலிருந்து விழுந்த பூனை: கூண்டு ஓய்வா, ஆபரேஷனா?

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஒரு ராத்திரி பால்கனியிலிருந்து எங்கள் செவலை விழுந்துவிட்டான். "பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிக்கும் கண்ணு, காலைல பாத்துக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு ஆத்தா. காலூன்றித்தான் விழுகிறது. ஆனால் அந்த வேகத்தில் கால் மடங்கி, நெஞ்சும் தாடையும் தரையில் மோதிவிடும்.

அதனால் விடியும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, உடனே கிளம்புவதா என்றால் நான் உடனே என்றுதான் சொல்வேன். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கு நெஞ்சில் அடி. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தும்விட்டன. நுரையீரல் கன்றிப்போனால் முதல் 24 மணி நேரத்தில் மூச்சு இன்னும் மோசமாகலாம். சிறுநீர்ப்பை கிழிந்திருந்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது இரண்டுமே ஆபத்து. வலிக்குதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எக்ஸ்ரேயா, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனா? எலும்புக்கு எக்ஸ்ரேதான். ஆனால் மூச்சுத் திணறும் பூனையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அமுக்கிப் பிடித்தால் அதுவே உயிரை எடுத்துவிடலாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே, அது உட்கார்ந்த நிலையிலேயே ஸ்கேன் பார்க்கலாம். நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊசி போட்டு உறிஞ்சிவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் வைத்தியமும் அந்த ஒரே ஊசியில் முடிந்துவிடும். நாங்கள் முதலில் போன கிளினிக்கில் காலைத்தான் பார்த்தார்கள், மூச்சை எண்ணவே இல்லை. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பெரிய இடம் என்று நேரே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா? எலும்பு ஆபரேஷனுக்குப் போகலாம். மூச்சு சீராகாத பூனையை நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் குலுக்கிக்கொண்டு போவது தப்பு. பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும் இடம்தான் முதலில். முறிவு ஓரிரு நாள் காத்திருக்கும்.

அப்புறம்தான் தலைப்பில் உள்ள கேள்வி. தொடை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் கம்பியோ தகடோ வேண்டும். அந்த இடத்தில் கட்டு நிற்காது. இடுப்பெலும்பு அப்படியில்லை. இடுப்பு மூட்டுக் கிண்ணம் உடையாமல், மலம் போகும் வழி குறுகாமல் இருந்தால் நாலு முதல் ஆறு வாரம் கூண்டுக்குள் வைத்தாலே பெரும்பாலும் கூடிவிடும். வழி குறுகியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. பின்னால் தீராத மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும். செலவு குறைவு என்பதற்காகக் கூண்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் எக்ஸ்ரேயில் இதை ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

செவலைக்கு இடுப்பில்தான் முறிவு, அதனால் கூண்டு. முதல் வாரம் முழுக்கக் கத்தினான். ஆறாம் வாரம் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தோம். அதற்குள் பால்கனிக்கு வலை அடித்திருந்தோம்.