பின்பக்கச் சொற்பட்டியலை நம்பி இந்த கிங் ஜேம்ஸ் பைபிளை வாங்கலாமா?

"விலை பாதியாகிவிட்டது, வாங்கலாமா அண்ணா?" என்று எங்கள் சபைத் தம்பி ஒருவன் கேட்டிருந்தான். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் பதில் போடலாம்தான், ஆனால் என்னிடம் இருக்கும் பிரதி பைண்டிங்குக்குப் போய்விட்டு இந்த வாரம்தான் திரும்பி வந்தது, வந்த கோலத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன், அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

அச்சு, தாள், அளவு பற்றியெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது, அவற்றில் பொய் இல்லை. எழுத்து பெரிது, தாள் மெல்லியது என்றாலும் பின்பக்க எழுத்து முன்னால் தெரியாது, ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்கும். முதுகு விட்டுப்போனது பல வருஷமாகத் தினமும் புரட்டியதால். அதற்குப் பதிப்பகத்தைக் குறை சொல்வது அநியாயம். என் கோபம் முழுக்க, அட்டையில் பெரிதாக விளம்பரப்படுத்தியிருக்கிற அந்தப் "பழைய சொற்களுக்குப் பொருள்" என்ற கடைசிப் பக்கங்களின் மேல்தான்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது? "பீசம்" என்றால் துடைப்பம் (ஏசாயா 14:23). "கொலப்ஸ்" என்றால் கொழுப்பு மடிப்புகள் (யோபு 15:27). "சாப்மென்" என்றால் வியாபாரிகள் (2 நாளாகமம் 9:14). "ஔச்சஸ்" என்றால் கல் பதிக்கிற பொன் குவளைகள் (யாத்திராகமம் 28:11). எல்லாம் சரியான பொருள்தான், ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தச் சொற்கள் வருகிற இடத்தில் எந்த வாசகரும் தானாகவே நின்றுவிடுவார். தெரியாத சொல் என்று தெரிந்துவிடும், போனை எடுத்துத் தேடினால் அரை நிமிஷத்தில் விடை வந்துவிடும். வாசகரை ஏமாற்றுகிற சொற்கள் வேறு. நாம் தினமும் ஆபீஸ் மெயிலில் எழுதுகிற சாதாரண ஆங்கிலச் சொற்கள், இந்த மொழிபெயர்ப்பு வெளிவந்த 1611-ல் அவற்றுக்கு இருந்த பொருள் வேறு, இன்றைக்கு வேறு. அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், கடைசிப் பக்கத்தைப் புரட்டவும் மாட்டார்கள், ஏனென்றால் சொல் தெரியும் என்றே நினைப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வசனத்தில் "லெட் மை பீப்பிள் கோ", என் ஜனங்களைப் போகவிடு. எல்லாருக்கும் தெரிந்த வசனம். மூன்று வசனம் தள்ளி, நான்காம் வசனத்தில் பார்வோன் மோசேயையும் ஆரோனையும் பார்த்து ஏன் ஜனங்களை அவர்கள் வேலையிலிருந்து "லெட்" பண்ணுகிறீர்கள் என்று கேட்கிறான். இங்கே அதே மூன்று எழுத்துக்குப் பொருள் தடுப்பது. விடு என்பதும் தடு என்பதும், நேர் எதிர்ப் பொருள்கள், ஒரே அதிகாரத்தில், ஒரே எழுத்தில்! பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள், காலப்போக்கில் உருவம் ஒன்றாகிவிட்டது, அப்புறம் தடுப்பது என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்துபோனது. ஏசாயா 43:13-ல் கர்த்தர் "நான் செய்வேன், யார் அதை லெட் பண்ணுவான்" என்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் வாசித்தால் யார் அதை அனுமதிப்பான் என்று ஆகிவிடும், தேவன் யாரிடமோ அனுமதி எதிர்பார்த்து நிற்பதுபோல! அங்கே சொல்லியிருப்பது யார் அதைத் தடுப்பான் என்பது. ரோமர் 1:13-இலும் 2 தெசலோனிக்கேயர் 2:7-இலும் இதே சொல் இதே பொருளில் வருகிறது. இத்தனை இடத்தில் வருகிற சொல்லுக்குப் பட்டியலில் ஒரு வரி இல்லை, ஏசாயாவில் ஒரே ஒரு முறை வருகிற துடைப்பத்துக்கு இருக்கிறது.

அந்தப் பழைய பொருள் முழுக்கச் செத்துப்போகவும் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து, குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்வதாக இருக்கிற ஆங்கில வாசகத்தைப் பாருங்கள். "விதவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்" என்று இருக்கும். தடையும் இடையூறும் இல்லாமல் போகவிடுங்கள் என்று பொருள். கையில் வைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறோம், அந்த "லெட்" எந்த "லெட்" என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அடுத்தது "ப்ரிவென்ட்". முன்னால் வருவது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், 1611-ல் அந்த அர்த்தமும் உயிரோடு இருந்தது. சங்கீதம் 119:147-ல் சங்கீதக்காரர் விடியலை "ப்ரிவென்ட்" பண்ணினேன் என்கிறார், அதாவது விடிவதற்கு முன்னமே எழுந்து கூப்பிட்டேன் என்று. இந்த இடத்தில் இன்றைய பொருளைப் போட்டால் விடியலைத் தடுத்தேன் என்று வந்து அபத்தமாகத் தெரியும், அதனால் வாசகர் சுதாரித்துக்கொள்வார். 1 தெசலோனிக்கேயர் 4:15-ல் அந்த வாய்ப்பும் கிடையாது. உயிரோடிருக்கிற நாம் நித்திரையடைந்தவர்களை, அதாவது இறந்துபோனவர்களை, "ப்ரிவென்ட்" பண்ணுவதில்லை என்று இருக்கிறது. முந்திக்கொள்வதில்லை என்பது பொருள். தடுப்பதில்லை என்று வாசித்தாலும் வாக்கியம் நன்றாகவே நிற்கிறது, கேட்கிறவருக்கும் நியாயமாகத்தான் படும். எங்கள் வேத பாட வகுப்பில் ஒரு கல்லூரி மாணவி, ஆங்கிலத்தில் கெட்டிக்காரப் பெண், அப்படித்தான் அழகாக விளக்கினாள். தப்பு அவளுடையதல்ல. வாசிக்கிறவருக்குச் சந்தேகமே வராதபடி தப்பான பொருள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது, அந்த இடத்தில்தான் குறிப்பு வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1 பேதுரு 3:1. வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்கள், வசனம் இல்லாமலே மனைவிகளின் "கான்வர்சேஷன்" மூலம் ஆதாயப்படுத்தப்படுவார்கள் என்கிறது கிங் ஜேம்ஸ். அந்தச் சொல்லுக்கு அன்று நடத்தை, வாழ்கிற விதம் என்று பொருள். பேசாமல், நடந்துகொள்கிற விதத்தாலேயே ஜெயிக்கலாம் என்பதுதான் பேதுரு சொல்கிற விஷயம். இன்றைய பொருளில் வாசித்தால் பேசிப் பேசியே மாற்றிவிடு என்று ஆகிறது. எத்தனை பெண்களின் கையில் இந்தப் பதிப்பு இருக்கிறது, அவர்களுக்கு அப்போஸ்தலன் சொன்னதன் நேர் எதிரான ஆலோசனை போய்ச் சேர்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நம் தமிழ் பைபிளில் நடக்கை என்று தெளிவாக இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறவர்கள் தப்பித்துவிடுவார்கள். ஆங்கிலம் மட்டும் வாசிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

மாற்கு 6:25-ல் பட்டியலின் லட்சணம் முழுசாகத் தெரிகிறது. ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானனின் தலையை "பை அண்ட் பை" ஒரு "சார்ஜர்" மேல் கொடு என்று கேட்கிறாள். "சார்ஜர்" என்றால் பெரிய தட்டு, தாலம். அது பட்டியலில் உண்டு. பக்கத்திலேயே இருக்கிற "பை அண்ட் பை" கிடையாது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் போகப் போக, கொஞ்ச நேரம் கழித்து என்று பொருள். அன்று உடனே, இப்பொழுதே. அந்தப் பெண்ணின் அவசரம்தான் அந்தக் காட்சியின் பயங்கரமே, ராஜா மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தீவிரமாக உள்ளே ஓடி வருகிறாள். அந்த அவசரத்தை எடுத்துவிட்டு, தட்டு எப்படிப்பட்ட தட்டு என்று மட்டும் விளக்கி என்ன பயன்?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேவியராகமம் 2-ல் வருகிற "மீட்" பலி மெல்லிய மாவில் செய்வது, இறைச்சி அல்ல, அந்தச் சொல்லுக்கு அன்று பொதுவாக உணவு என்றே பொருள். பிலிப்பியர் 4:6-ல் "கேர்ஃபுல்" என்பது கவலை, ஜாக்கிரதை அல்ல. லூக்கா 19:13-ல் "ஆக்குபை" என்றால் வியாபாரம் பண்ணு. 1 இராஜாக்கள் 18:21-ல் எலியா எத்தனை நாள் "ஹால்ட்" பண்ணுவீர்கள் என்று கேட்பது நிற்பதை அல்ல, இரு பக்கமும் நொண்டி நொண்டி நடப்பதை. அப்போஸ்தலர் 21:15-ல் எடுத்துக்கொண்டு போன "கேரியேஜஸ்" வண்டிகள் அல்ல, மூட்டை முடிச்சு.

இதில் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜேம்ஸ் மன்னர் 1604-ல் கூட்டிய ஹாம்ப்டன் கோர்ட் கூட்டத்தில் முடிவெடுத்து, வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று குழு குழுவாகப் பிரிந்து உழைத்தவர்கள் அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்த சொல்லைத்தான் போட்டார்கள். பாமரருக்கும் விளங்க வேண்டும் என்று தங்கள் முன்னுரையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஐயமான இடங்களில் மாற்றுப் பொருளைப் பக்க ஓரத்திலேயே அச்சிட்டார்கள், அதே பக்கத்தில், கண்ணுக்கு எட்டுகிற இடத்தில். நாம் இன்று கையில் வைத்திருப்பது பெரும்பாலும் 1769-ல் ஆக்ஸ்போர்டில் பெஞ்சமின் பிளேனி என்ற அறிஞர் சீர்செய்த வடிவம். அவர் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலையும் நிறுத்தற்குறிகளையும்தான் புதுப்பித்தார், சொற்கள் அப்படியே நின்றுவிட்டன. அதனால் பக்கம் பார்க்கப் பழசாகத் தெரியாது, உள்ளே பொருள் பழசாக இருக்கும், வாசகர் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு எந்த அடையாளமும் இராது. இது புதுப் பிரச்சினையும் இல்லை. அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1833-லேயே இப்படிப்பட்ட சொற்களை மாற்றி ஒரு பைபிள் திருத்தம் வெளியிட்டார். கிட்டத்தட்ட 200 வருஷமாகத் தெரிந்த குறை. இன்றைக்குப் பட்டியல் போடுகிறவர்களுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

சரி, இத்தனை சொல்லிவிட்டு இதன் பெரிய சந்தோஷத்தை மறைத்தால் பாவம். "தௌ", "தீ", "யீ". பலர் இவற்றை பக்திக்கான மரியாதைச் சொற்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை. "தௌ", "தீ" ஒருமை, "யீ", "யூ" பன்மை, அவ்வளவுதான். மத்தேயு 4:10-ல் சாத்தானைத் துரத்தும்போதும் "தீ" என்றுதான் வருகிறது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இந்த வித்தியாசம் இருப்பதால் அதை ஆங்கிலத்தில் காப்பாற்றியிருக்கிறார்கள், அன்றைய லண்டன் பேச்சில் அது ஏற்கெனவே தேய ஆரம்பித்திருந்தும். லூக்கா 22:31, 32-ல் இயேசு சீமோன் பேதுருவிடம் சொல்வதை வாசித்துப் பாருங்கள். சீமோனே, சாத்தான் "யூ" என்று பன்மையில், உங்கள் எல்லாரையும், கோதுமையைப்போலப் புடைக்கக் கேட்டுக்கொண்டான். நானோ "தீ" என்று ஒருமையில், உனக்காக வேண்டிக்கொண்டேன். ஆபத்து பன்னிரண்டு பேருக்கும், ஜெபம் இந்த ஒருவனுக்கு, அதுவும் மறுதலிக்கப் போகிறவனுக்கு. புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இரண்டும் "யூ" ஆகி, வித்தியாசம் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. நீ, நீங்கள் என்று பேசிப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கிங் ஜேம்ஸை விட மாட்டேன்.

இனி பைண்டிங் கதை. பட்டியலில் விட்டுப்போன சொற்களை எல்லாம் வருஷக்கணக்காகப் பென்சிலால் அந்தந்த வசனத்துக்கு நேரே ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். 1828 வெப்ஸ்டர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பல சொற்களுக்கு வேத வசனத்தையே உதாரணமாகக் காட்டும், பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் எழுதினேன். பைண்டிங் கடையில் முதுகை ஒட்டிப் புது அட்டை போட்டுவிட்டு, விளிம்பு சமமாக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் மெஷினில் வைத்து வெட்டிவிட்டார்கள். வெளி ஓரத்தில் இருந்த குறிப்புகளில் பாதி போய்விட்டது. யாத்திராகமம் 5:4-க்கு நேரே "தடு" என்பதில் "டு" மட்டும் நிற்கிறது. கடைக்காரர் மேல் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் அவர் எல்லாப் புத்தகத்துக்கும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். பதிப்பகம் இந்தப் பொருளை 1611-ல் செய்ததுபோல ஓரத்தில் அச்சிட்டிருந்தால், நான் எழுதவும் வேண்டாம், இழக்கவும் வேண்டாம்.

ஆகவே தம்பி, வாங்காதே. பாதி விலைக்கும் வேண்டாம். அச்சு நன்று, தாள் நன்று, வாசகம் எனக்கு உயிர், ஆனாலும் வேண்டாம். அதே கிங் ஜேம்ஸ் வாசகம், பழஞ்சொற்களின் பொருள் அந்தந்தப் பக்கத்து ஓரத்திலோ அடியிலோ அச்சிட்ட பதிப்புகளாகவும் கிடைக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்து அதை வாங்கு. வாங்குவதற்கு முன் கடையிலேயே யாத்திராகமம் 5:4, மாற்கு 6:25, 1 பேதுரு 3:1 மூன்றையும் திறந்து பார், அந்தப் பக்கத்திலேயே பொருள் இருந்தால் பணத்தைக் கொடு. நட்சத்திரம் போடச் சொன்னால் இதற்கு ஐந்துக்கு ரெண்டு, ரெண்டும் அச்சுக்காகத்தான்.