4,300 டாலருக்குச் சரி, 18,500 டாலருக்கு வேண்டவே வேண்டாம்: மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ் படித்த அனுபவம்

அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைவான உள்ளூர் அரசுக் கல்லூரி) மெடிக்கல் அசிஸ்டென்ட், அதாவது க்ளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர், சர்டிஃபிகேட் முடித்து, ஒரு ஃபேமிலி க்ளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விடப் போனால் யாராவது ஒருவர் "அக்கா, அந்தக் கோர்ஸ் எப்படி, நானும் சேரலாமா?" என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வெயிலில் நின்று சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். காலேஜ் பெயரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கதை இங்கே பலருடைய கதைதான். திருச்சியில் பி.காம்., கல்யாணம், கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் ஹெச்4 விசா, நடுவில் வேலை அனுமதி கிடைத்தும் என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல் இரண்டு பிள்ளைகளோடு ஓடிப்போன வருடங்கள், கடைசியில் கிரீன் கார்டு. கணவர் ஐடியில் இருப்பதால் வீட்டு வருமானத்தைப் பார்த்து, வருமானம் குறைந்தவர்கள் படிக்க அரசு தருகிற பெல் கிராண்ட் உதவித்தொகையில் ஒரு பைசா தரவில்லை. (வருமானம் குறைவு, கிரீன் கார்டு இருக்கிறது என்றால் நீங்கள் கட்டாயம் விண்ணப்பித்துப் பாருங்கள். 2024-25-ல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம், எங்கள் காலேஜ் மாதிரி இடத்தில் மொத்தப் படிப்பையும் அதிலேயே முடித்துவிடலாம். ஹெச்4-ல் இருப்பவர்களுக்குக் கிடையாது.)

செலவு எனக்கு மொத்தம் 4,300 டாலர் ஆனது. காலேஜ் விளம்பரத்தில் போட்டிருந்தது 3,100தான். மீதி எல்லாம் சில்லறை சில்லறையாக வந்தது: ஒரு தடவை மட்டும் திறக்கிற ஆன்லைன் கோடோடு வந்த புத்தகம், ஸ்க்ரப்ஸ் என்கிற க்ளினிக் சீருடை, ஷூ, போதைமருந்துச் சோதனை, பின்னணி விசாரணை, முடிவில் எழுதுகிற தேர்வுக் கட்டணம். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு தனிக் கூத்து உண்டு. சின்ன வயதில் பிசிஜி ஊசி போட்டிருப்போம் இல்லையா, அதனால் காசநோய்க்குத் தோலில் குத்திப் பார்க்கிற சோதனையில் நோயே இல்லாவிட்டாலும் கை வீங்கி பாசிட்டிவ் என்று வரலாம். எனக்கு வந்தது. அப்புறம் எக்ஸ்ரே, அதற்கு ஒரு பில், இரண்டு வாரத் தாமதம். நேராக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள், பிசிஜி போட்டவர்களுக்கு அதில் இந்தக் குழப்பம் வராது.

பாடம் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரத்த அழுத்தம் பார்ப்பது, ஈகேஜி (நம் ஊர் ஈசிஜி) எடுப்பது, ஊசி போடுவது, நோயாளி விவரங்களை கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இன்ஷூரன்ஸ் கோடுகள் என்று இரண்டு செமஸ்டரில் நிறையத் திணிக்கிறார்கள். ரத்தம் எடுக்கும் வகுப்பு முதலில் ரப்பர் கையில், பிறகு ஒருவர் மீது ஒருவர். பக்கத்து சீட்டுப் பெண் என் கையில் மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை, அன்று நான் சமையல் செய்யவில்லை. எந்தக் குழாயில் முதலில் ரத்தம் பிடிக்க வேண்டும் என்பதை மூடியின் நிறத்தை வைத்து நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே வீட்டில் திரிந்ததில் என் சின்னவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சொல்லிக்கொடுத்த இரண்டு ஆசிரியைகளும் பல வருடம் க்ளினிக்கில் வேலை பார்த்தவர்கள், அது தெரிந்தது.

சொதப்பல் எக்ஸ்டர்ன்ஷிப்பில். கடைசியில் ஒரு க்ளினிக்கில் 160 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், சம்பளம் கிடையாது, இடத்தைக் காலேஜே பிடித்துத் தரும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆறு வாரம் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. நான் வீட்டில் இருந்தவள், காத்திருந்தேன். என்னோடு படித்த ஒரு பெண் கடையில் வேலை பார்த்து வாடகை கட்டியவள், அந்த 160 மணி நேரத்துக்காக ஒரு மாதம் ஷிஃப்டை விட வேண்டியதாயிற்று. மணிக்கு 17 டாலர் என்று வைத்தாலும் 2,720 டாலர் போச்சு, ஏறக்குறைய காலேஜ் கட்டணம் அளவுக்கு. எந்தக் கட்டணப் பட்டியலிலும் இந்தத் தொகை இருக்காது.

சரி, சம்பளத்துக்கு வருவோம், எல்லாரும் கேட்பது இதைத்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி மெடிக்கல் அசிஸ்டென்ட்டின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 44,200 டாலர். காலேஜ் அறிமுகக் கூட்டத்தில் இந்த மாதிரி எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நடுநிலை என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே, பத்து வருட அனுபவக்காரர்களும் சம்பளம் கூடுதலான மாநிலத்தில் இருப்பவர்களும் சேர்ந்த கணக்கு அது. எனக்கு ஆரம்பம் மணிக்கு 17.50, இப்போது 18.50. வாரத்துக்கு 36 மணி நேரம்தான் தருகிறார்கள், வருடத்துக்கு 34,600 சொச்சம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் கணவரோடு சேர்த்து வரி கட்டும்போது என் சம்பளம் அவர் சம்பளத்தின் தலையில் போய் உட்காருகிறது, எங்கள் வீட்டில் அந்தப் பகுதிக்கு 22 சதவீதம். அதோடு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) என்று பிடிப்பது 7.65 சதவீதம். இரண்டு வாரத்துக்கு 1,332 சம்பாதித்தால் கையில் நிற்பது 940. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு அதிலிருந்துதான் கட்டுகிறேன். இதே ஊரில் கிடங்கு வேலைக்குப் போகிற என் தோழி எந்தச் சர்டிஃபிகேட்டும் இல்லாமல் மணிக்கு 18 வாங்குகிறாள், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சம்பளம் எவ்வளவு கடனைத் தாங்கும் என்று பாருங்கள். நான் கம்யூனிட்டி காலேஜில் சேரும் முன் ஒரு தனியார் பள்ளிக்கும் போயிருந்தேன். பளபளப்பான வரவேற்பறை, ஒன்பது மாதம், 18,500 டாலர், "கவலைப்படாதீங்க, எல்லாம் லோன்ல வந்துடும்" என்ற பாணியில் இனிப்பாகப் பேசிய ஆலோசகர். இன்னும் மாதம் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். கல்யாணமானவர்களுக்கு முதல் வருடம் அரசுக் கடன் அதிகபட்சம் 9,500தான், மீதிக்குத் தனியார் கடன், அதன் வட்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தாராளமாக மொத்தத்துக்கும் 2024-25-ன் அரசு வட்டியான 6.53 சதவீதம் என்றே போடுங்கள், பத்து வருடத்துக்கு மாதம் 210 டாலர், கட்டி முடிக்கும்போது 25,000-ஐத் தாண்டியிருக்கும். மாதம் 2,000 கையில் வருகிறவளிடமிருந்து 210.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கடன் சட்டப்படி தப்பில்லை. 2023-ல் அமெரிக்கக் கல்வித்துறை கொண்டுவந்த விதி, படித்து முடித்தவர்களின் வருடத் தவணை வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தக் கோர்ஸ் கடன் சோதனையில் தேறிவிடும் என்று வைத்தது. என் சம்பளத்தில் இந்தத் தவணை 7.3 சதவீதம். பாஸ்! அந்த விதியில் இன்னொரு சோதனையும் வைத்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது: அதே மாநிலத்தில் வெறும் பள்ளிப் படிப்போடு வேலை பார்க்கிற 25 முதல் 34 வயதுக்காரர்களைவிட இவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்களா என்று பார்ப்பது. என் கிடங்குத் தோழியை வைத்துக் கேட்கிற கேள்விதான் அது. இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கிற பயம் இல்லை. கொரிந்தியன் என்ற பெரிய தனியார் கல்லூரிக் குழுமம் 2015-ல் இழுத்து மூடப்பட்டது, அவர்களிடம் மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸும் இருந்தது. 2022-ல் அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

எங்கே சேர்வதாக இருந்தாலும் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் அந்தக் காலேஜையும் கோர்ஸையும் தட்டிப் பாருங்கள், முடித்தவர்களின் சம்பளமும் கடனும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அரசு உதவி வாங்கியவர்களின் கணக்கு மட்டும்தான் அது, சின்ன வகுப்பாக இருந்தால் எண்ணே காட்டாது. எங்கள் காலேஜுக்குக் காட்டவில்லை.

இன்னொரு குறை, இதுதான் எனக்கு வலித்தது. இதிலிருந்து அப்படியே நர்சிங்குக்கு ஏறிவிடலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். எல்விஎன் என்கிற ஆரம்பநிலை நர்சுக்கே 2024-ல் நடுநிலைச் சம்பளம் 62,340, ஆர்என் என்கிற முழுத்தகுதி நர்ஸ் என்றால் 93,600. கேட்கப் போனால் நான் படித்த பாடங்களுக்கான கிரெடிட்களில் ஒன்றுகூட நர்சிங்கில் செல்லாது, அனாடமியிலிருந்து ஆரம்பி என்றார்கள். சேரும்போதே கேட்காதது என் தப்பு. ஊரில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் தயவுசெய்து இந்தக் கோர்ஸ் பக்கமே வராதீர்கள். உங்கள் படிப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பி என்க்ளெக்ஸ் என்கிற நர்ஸ் உரிமத் தேர்வு எழுதும் வழியைப் பாருங்கள். என் வகுப்பிலேயே அப்படி ஒருவர் உட்கார்ந்து ஊசி போடக் கற்றுக்கொண்டிருந்தார், ஆசிரியையைவிட நன்றாகப் போட்டார்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. மகன் வீட்டுக்கு வந்திருக்கிற நம் ஊர் அம்மாக்கள் யாராவது பயந்துகொண்டே வருவார்கள், "பிரஷர் மாத்திரை காலையில போட்டீங்களாம்மா" என்று நான் தமிழில் கேட்டதும் முகம் மாறும் பாருங்கள். ஆனால் மதிப்பெண் என்று கேட்டால் ஐந்துக்கு மூன்றரை, அதுவும் கையில் இருந்த காசில் படித்ததால். ஜனவரியில் அனாடமி வகுப்பு ஆரம்பிக்கிறேன், அதே காலேஜ், செமஸ்டருக்கு ஒரு பாடம், சம்பளத்தில் எடுத்துவைத்த பணம்.