டிம்மர் சேனலா, ரிலே சேனலா: எதில் எதைப் போடுவது?

மதுரையில் திருப்பாலை, ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் சிலர், விளக்கு, மோட்டார்களைத் தானாக இயக்கும் ஆட்டோமேஷன் பெட்டி வாங்கும்போது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆசையில் டிம்மர் சேனல்களை (ஒவ்வொரு விளக்கு அல்லது கருவிக்கான தனி இணைப்புகளை) அள்ளிக்கொள்கிறார்கள். வெறுமனே போட்டு அணைக்கும் ரிலே சேனல்கள் போதாமல் போகின்றன. வேலை முடியும் தறுவாயில் வயர்மேன் வந்து நிற்பார். "அண்ணே, ரிலே எல்லாம் தீர்ந்துவிட்டது. டிம்மரில் நான்கு சேனல் சும்மா கிடக்கிறது. பூஜ்யம், நூறு என்று இரண்டே நிலை வைத்துக்கொண்டால் அதுவும் சுவிட்ச்தானே? மோட்டாரை அதில் போட்டுவிடட்டுமா?"

கூடாது. காரணம் இரண்டின் உள்ளே இருப்பதிலேயே இருக்கிறது.

ரிலே என்பது உலோகத் தொடுமுனை. மூடினால் மின்சாரம் முழுதாகப் போகும்; திறந்தால் நடுவே காற்று இடைவெளி. டிம்மரில் இருப்பது டிரையாக் என்ற குறைக்கடத்தி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 அரை அலைகள் வருகின்றன. ஒவ்வோர் அரை அலையிலும் சற்றுத் தாமதித்து டிரையாக் வழியே மின்சாரத்தை விடுவதால்தான் வெளிச்சம் குறைகிறது. நூறு சதவீதத்தில் வைத்தாலும் பல டிம்மர்கள் ஒவ்வோர் அரை அலையின் தொடக்கத்திலும் ஒரு சிறு துண்டை வெட்டிவிடும். குண்டு பல்புக்கு அது தெரியாது.

அணைத்த நிலையில்தான் வேடிக்கை. டிரையாக்குக்குக் காவலாக ஸ்னப்பர் என்று ஒரு மின்தேக்கியும் மின்தடையும் குறுக்கே இருக்கும். அந்த மின்தேக்கி 0.1 மைக்ரோ ஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுங்குவதற்கு அது போதும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் அதன் நியான் விளக்கு எரியும். 'ஆஃப்தான் பண்ணியிருக்கிறேன்' என்று நம்பிக் கை வைப்பவருக்கு இது ஆபத்து. ரிலேயிலும் எம்.சி.பி.யை (லைனைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்காமல் வேலை பார்க்கக் கூடாதுதான். ஆனால் அங்கே இந்தக் கசிவு கிடையாது.

மினுங்கலுக்கு நம் வயர்மேன்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு: கூடவே ஒரு ஜீரோ வாட் பல்பை இணையாக மாட்டிவிடுவார்கள். மினுங்கல் நிற்கும். பெயர்தான் ஜீரோ, பழைய குண்டு வகை ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். 9 வாட்டைச் சரிசெய்ய 15 வாட் செலவழிப்பது என்ன சிக்கனமோ!

அடுத்தது சூடு. ஓடும்போது டிரையாக்கின் குறுக்கே ஒன்று முதல் ஒன்றரை வோல்ட் வரை இறங்கும். விளக்குக்கு அது பொருட்டில்லை. 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். அப்போது டிரையாக்கில் மட்டும் பத்து வாட் அளவில் வெப்பமாகும். மேற்குச் சுவரில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மதுரையின் மே மாதத்தில் அந்தப் பத்து வாட் எங்கே போகும்? நல்ல ரிலேயின் தொடுமுனையில் இந்த அளவுக்குச் சூடு எழாது.

மோட்டாருக்கு வருவோம். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் ஒரு குதிரைத்திறன் பம்பு கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். டிரையாக் பழுதானால் பெரும்பாலும் 'ஷார்ட்' ஆகித்தான் சாகும். அதாவது மோட்டார் நிற்காது. ஒரு பக்கம் மட்டும் ஷார்ட் ஆனால் இன்னும் மோசம்: நேர்மின்னோட்டம் (டி.சி.) கலந்து மோட்டாரின் சுருள் கொதிக்கும். மென்பொருளிலும் வம்பு உண்டு. 'எல்லா விளக்கும் 30 சதவீதம்' என்று ஒரே கட்டளையில் பல சேனல்களை மாற்றும் 'சீன்' ஒன்றை அமைத்துவிட்டு, கிரைண்டர் இருக்கும் சேனலை அதிலிருந்து நீக்க மறந்தால், மாவு அரைபடும்போதே மோட்டார் முனகும். மெல்ல ஏற்றும் நேரம் இரண்டு நொடி என்று இருந்தால் ஒவ்வொரு முறை போடும்போதும் அதே கதை.

ரிலேயும் உத்தமன் அல்ல. சிறிய நீலப் பெட்டி ரிலேயில் '10 ஆம்பியர்' என்று அச்சிட்டிருப்பது கீசர் போன்ற சுமைக்கு, மோட்டாருக்கு அல்ல. ஹாலில் பத்துப் பன்னிரண்டு எல்.இ.டி. பேனல்களை ஒரே ரிலேயில் தொங்கவிட்டால், போடும் கணத்து மின்பாய்ச்சலில் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். 'டிக்' சத்தமும் சிலருக்குப் படுக்கையறையில் பிடிப்பதில்லை. அசைவைக் கண்டு நாளெல்லாம் எரிந்து அணையும் மாடிப்படி விளக்குக்கு, தேயாத, சத்தமில்லாத டிரையாக்தான் என் தேர்வு. ஆனால் அது அலை பூஜ்யத்தைத் தொடும்போது மட்டும் மின்சாரத்தை விடத் தொடங்கும் முறையில் அமைந்திருக்க வேண்டும். விளக்கும் டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டதாக இருக்க வேண்டும்.

சீலிங் ஃபேன் தனி ஜாதி. பழைய வகை ஃபேனை விளக்கு டிம்மரில் போட்டால் ரீங்காரம் கேட்கும். அதற்கென்று மின்தேக்கி வைத்த ஃபேன் சேனலே பொருத்தம். 30 வாட் அளவில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனுக்குள் தனிச் சுற்றே இருக்கிறது. வெட்டிய அலையை அதற்கு ஊட்டவே கூடாது. வெட்டாத முழு மின்சாரத்தையே கொடுத்துவிட்டு வேகத்தை ரிமோட்டுக்கு விட்டுவிடலாம்.

பம்புக்கு ரிலே, அந்த ரிலே இயக்கும் காண்டாக்டர் (சுருளால் இயங்கும், பெரிய மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்) என்பதே சரி. 'காண்டாக்டர் சுருளை மட்டும் டிம்மரில் கொடுத்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய சுருளுக்கு அந்த ஸ்னப்பர் கசிவே பிடிமானமாகி, அணைத்த பிறகும் காண்டாக்டர் விடாமல் நிற்கக்கூடும், தொட்டி வழியும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்காக இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் பல டிம்மர்கள் தடுமாறும், விளக்கு துடிக்கும். அந்த லைனில் வரும் விளக்குகளை ரிலேயில் போடுங்கள், அல்லது சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குங்கள். மிஞ்சிய நான்கு டிம்மர் சேனல்கள் சும்மாவே கிடக்கட்டும்; நான்கு ரிலே உள்ள தனி மாடுல் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.