புது டயர் என்று சொல்லித் தேய்ந்த டயரை மாட்டி 1,480 ராண்ட் வாங்கிவிட்டார்கள் – டர்பனில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

1,480 ராண்ட். டயர் இரண்டு, தலா 620. ட்யூப் இரண்டு, தலா 80. மாட்டுக்கூலி 80. இவ்வளவையும் அப்பாவிடம் வாங்கிக்கொண்டு, எவரோ ஓட்டித் தேய்த்த டயருக்குப் பாலிஷ் போட்டுப் பின்சக்கரத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போவதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. நம் ஆட்கள் நிறையப் போகிற, சாமானும் விற்று ரிப்பேரும் பார்க்கிற கடை.

அப்பா போனது பின் டயரை மாற்ற மட்டும்தான். கடைக்காரர் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுவும் முடிஞ்சு போச்சு. எங்கப்பா சைக்கிளா இருந்தா ரெண்டையும் இன்னிக்கே மாத்திடுவேன்" என்றிருக்கிறார். இப்படி ஒருவர் சொன்ன பிறகு எந்தப் பெரியவர் கேள்வி கேட்பார்? அப்பா சரி என்று சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பழைய டயர் இரண்டும் குப்பைக்குப் போய்விட்டன என்று பிறகு சொன்னார்கள்.

விரலால் அமுக்கினால் காற்று குறைவா என்று வேண்டுமானால் தோராயமாகத் தெரியும். டயர் முடிந்துவிட்டதா என்று தெரியாது. அந்த முன் டயரின் நடுப்பகுதியில் தேய்மானக் குழி இரண்டும் தெளிவாக இருந்தன. ரோடு சைக்கிள் டயர்கள் பலவற்றில் இந்தச் சின்னக் குழிகள் இருக்கும். அவை மறைந்தால்தான் ரப்பர் தீர்ந்தது என்று அர்த்தம். ஓட்டுபவரின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில் இறங்குகிறது, மிதிக்கிற விசையும் அதன் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அதனால் முன் டயர் ஒன்று தேய்வதற்குள் பின் டயர் இரண்டு தீர்ந்துவிடுவது சாதாரணம். நேர்மையான மெக்கானிக்காக இருந்தால் நல்ல நிலையில் இருந்த முன் டயரைப் பின்னால் போட்டு, புது டயர் ஒன்றை முன்னால் மாட்டியிருப்பார். முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கையில் நிற்பது கடினம், ஆள் விழும் ஆபத்து அதிகம். ஆகவே நல்லது எப்போதும் முன்னால்தான்.

அந்த "புது" பின் டயர் ப்ளூ லகூன் பக்கம் வெடித்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. டயரைக் கழற்றித் துணியால் துடைத்தேன், துணி முழுக்கக் கறுப்பு மெழுகு. பாலிஷ் போனதும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் வரிவரியாகத் தெரிந்தன. வளைத்தால் ஒவ்வொன்றும் வாய் திறந்தது. நடுப்பகுதி உருண்டையாக இல்லை, தட்டையாகி இரண்டு ஓரத்திலும் விளிம்பு விழுந்திருந்தது. புது டயரில் அந்தத் தட்டை வரவே வராது. தேய்மானக் குழியில் நகம்கூட நுழையவில்லை. டயரின் தோளோரம், அதாவது நடுப்பகுதி பக்கவாட்டோடு சேரும் இடத்தில், ஆறு மில்லிமீட்டர் வெட்டு ஒன்றைப் பசை போட்டு அடைத்திருந்தார்கள். பசையை நெம்பினால் உள்ளே நூல் அறுந்து கிடக்கிறது! காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான், ரப்பர் அல்ல. நூல் அறுந்த இடத்தில் டயர் முதலில் சின்னதாக வீங்கும், அப்புறம் ட்யூப் அந்த வழியாகப் பிதுங்கி வெடிக்கும். நடந்தது அதுதான்.

கடைக்குப் போனால் முதல் பதில், "காத்து அதிகமா அடிச்சிருப்பீங்க." அடித்த காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ, டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு 115. அடுத்த பதில், "நெருஞ்சி முள் குத்தியிருக்கும்." முள் குத்தினால் ஊசித்துளை விழும், காற்று மெல்ல இறங்கும். ஆறு மில்லிமீட்டருக்குக் கிழியாது. பிறகு முதலாளி ஜோகனஸ்பர்க் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனால், ரசீதில் "சர்வீஸ் 1,480" என்றுதானே இருக்கிறது, இந்த டயரை நாங்கள்தான் போட்டோம் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் அடுத்த முறை வாங்கும்போது 300 ராண்ட் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். 1,480 ராண்ட் வாங்கி ஒரு மனிதரைக் கீழே தள்ளிவிட்டு, இன்னொரு முறை எங்களிடமே வாங்கு என்பதா பதில்?

தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. பணம் திருப்பித் தர மாட்டோம் என்று கடையில் பலகை மாட்டியிருந்தாலும் அது செல்லாது. இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். மசியாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போகும்.

டயரை எப்போது மாற்றுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். நூல் தெரிந்தாலோ, எங்காவது வீங்கியிருந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள், ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். காற்றை இறக்கி, டயரை வளைத்து வெட்டுகளைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு இருந்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள். நூல் வரை போகாத சின்ன வெட்டுக்காக டயரை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். பழைய டயரின் ஓரத்தில் 28-622 என்பது போல இருக்கும் அளவு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். புது டயரை அட்டையோடு கையில் வாங்கி, துணியால் துடைத்து, வளைத்துப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். ரசீதில் டயரின் பெயரும் அளவும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய டயரைக் கடையில் விட்டுவிடாதீர்கள், அது உங்கள் பொருள், கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.