செட்டிபாளையம் ரேஸ் பார்க்க டென்ட் புக் பண்ணப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள், எங்களுக்கு 14,400 ரூபாய் போய்விட்டது

இன்று புதன்கிழமை. போன வெள்ளி சாயங்காலத்தில் இருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பைக்கில் போய் டென்ட்டில் தங்கி, கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்கில் இரண்டு நாள் ரேஸ் பார்க்கலாம் என்று கோபியில் இருந்து கிளம்பிய நாங்கள் நாலு பேரும் 14,400 ரூபாயை முகம் தெரியாத ஒருத்தனிடம் கொடுத்து ஏமாந்தோம்.

எங்கள் அப்பா காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம்தான், மெட்ராஸுக்கு ரயில் ஏறிப் போக வேண்டும். நமக்கோ வீட்டுப் பக்கத்திலேயே கரி டிராக் இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன நம்மூர் ரேஸ்காரர் கரிவரதன் பெயரில் அமைந்த டிராக். மொத்தமே 2.1 கிலோமீட்டர் என்பதால், முன்னால் போன வண்டி ஒரு நிமிஷம் சொச்சத்தில் திரும்பவும் நம் கண்ணுக்கு வந்துவிடும். 2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது பள்ளிக்கூடத்தில் அதையே பேசிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். ஒரு தடவையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

நாலு பேர் என்றால் நான், என் மச்சான், பெரியப்பா பையன், அப்புறம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் தெருத் தம்பி. அந்தத் தம்பி இரண்டு ஷிப்ட் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் பங்கு 3,600 ரூபாய். அது அவனுக்கு எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நெஞ்சு இன்னும் அதிகமாக எரிகிறது.

நாம் எல்லோரும் தினமும் திறந்து பார்க்கிற, படமும் வீடியோவும் போடுகிற ஒரு ஆப்பில்தான் அந்த ஏமாற்றுக்காரன் நடத்திய பக்கம் கண்ணில் பட்டது. ரேஸ் டிராக் பக்கத்தில் தென்னந்தோப்பில் கேம்பிங்; இரண்டு ராத்திரி, டென்ட், பாய், நாலு வேளைச் சாப்பாடு, பாத்ரூம், வண்டி நிறுத்த இடம், ரேஸுக்கு உள்ளே போக பாஸ், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,600. தோப்பு வீடியோ நன்றாக இருந்தது. ஆனால் வீடியோவைப் பார்த்து மட்டும் நான் பணம் போட்டுவிடவில்லை. போன் பண்ணிப் பேசினேன். அங்கேதான் விழுந்தேன்.

எடுத்தவன் அச்சு அசல் நம்மூர்ப் பேச்சு. "சொல்லுங்ண்ணா, எந்தூருங்க? கோபிங்களா? நமக்கு அங்க அத்தை வூடு இருக்குதுங்க" என்றான். ஆடிக் காற்றில் டென்ட் நிற்குமா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்துங்ண்ணா, மேக்க பாத்து டென்ட்டு வாசல் வெச்சா கிழிச்சுப் போடும். நாங்க கெழக்க பாத்துத்தான் வெக்கிறமுங்க" என்றான். சரி, தென்னை மரத்தடியில் தேங்காய் விழாதா என்று மச்சான் கேட்கச் சொன்னான். "காய் போட்டுப் பத்து நாளாச்சுங்க, ஓலைகூட வெட்டிட்டமுங்க. புள்ளைக படுத்தாலும் பயமில்லீங்க." அவ்வளவுதான். இவ்வளவு விவரம் தெரிந்தவன் தோட்டத்துக்காரனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டேன். வெளியூர்க்காரன் குரலாக இருந்திருந்தால் நான் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். நம்மூர்ப் பேச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க', இதைக் கேட்டதும் எனக்குக் கேள்வியே வரவில்லை. அந்த மொழியை வைத்து நம்மையே அறுத்திருக்கிறான், அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாதிப் பணம் 7,200 அன்றைக்கே யுபிஐ-யில் போட்டேன். மீதி 7,200 வியாழக்கிழமை ராத்திரி. "காலைல சமையக்காரருக்குச் சாமான் வாங்கோணுமுங்க" என்று கேட்டான், போட்டேன். மொத்தம் 14,400. ரசீது என்று ஒன்று அனுப்பினான், லொகேஷனும் அனுப்பினான்.

வெள்ளி மத்தியானம் இரண்டு வண்டியில் கிளம்பினோம். குன்னத்தூர், பெருமாநல்லூர், திருப்பூர், பல்லடம். பல்லடம் தாண்டியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது, பின்னால் கட்டியிருந்த பையைப் பிடித்துக்கொண்டே தம்பி உட்கார்ந்து வந்தான். அப்போதுகூட சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஐந்தரைக்கு லொகேஷன் காட்டிய தோப்பு வாசலில் நின்றோம். வீடியோவில் பார்த்த அதே தோப்பு, அதே ஓட்டுச் சாளை. ஆனால் ஒரு டென்ட் இல்லை, ஒரு ஆள் இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மிணி ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எங்களைப் பார்த்து, "ஆரு சாமி நீங்க?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆத்தா திகைத்துவிட்டார். தோப்பு அவருடையது. "போன மாசம் ரெண்டு பசங்க வந்து, கல்யாணத்துக்குப் படம் புடிக்கோணும், எடம் பாக்கோணும்னு கேட்டானுக கண்ணு. தண்ணி குடுத்து அனுப்புனேன்." அந்தப் பசங்கள் எடுத்துக்கொண்டு போன வீடியோதான் அது. காய் போட்டதும் ஓலை வெட்டியதும் அவர் வாயில் இருந்தே கேட்டுக்கொண்டு போன விவரமாக இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பொள்ளாச்சிப் பக்கம் இருந்து இன்னொரு மூன்று பேர் அதே லொகேஷனைப் பிடித்து வந்து இறங்கினார்கள்.

போன் போட்டேன். முதலில், "அண்ணா, பக்கத்துத் தோப்புக்கு மாத்திட்டமுங்க, பெரியவங்க இருக்கறதால சத்தம் வேண்டாம்னு" என்றான். புது லொகேஷன் அனுப்பினான். இருட்டில் போய்ப் பார்த்தால் மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு பூட்டிய குடோன். திரும்பக் கூப்பிட்டால், "சூப்பர்வைசர் வந்துட்டு இருக்காருங்க, பத்தே நிமிசம்." ஒரு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். எட்டரைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

அந்த ஆத்தா இல்லாவிட்டால் அன்றைக்கு ராத்திரி என்ன செய்திருப்போமோ தெரியாது. களத்தில் படுக்கச் சொல்லி, சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தன் தோப்பைக் காட்டி ஏமாற்றிவிட்டானே என்று எங்களைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை ரேஸில் மனசே போகவில்லை. டிராக்குக்கு நாங்களாகவே போனோம், ஃபார்முலா எல்ஜிபி என்கிற ஒற்றை ஆள் ரேஸ் கார்கள் ஓடின. தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான், நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிறு மத்தியானமே ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

திங்கட்கிழமை வேறு நம்பரில் இருந்து வேறு ஒரு ஆள், அக்கவுன்ட்ஸ் பிரிவாம். "48 மணி நேரத்தில் ரீஃபண்ட் ஆகும் சார்" என்றான். சாயங்காலம் அவனே, "நீங்கள் இடத்துக்கு வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது, அதனால் பாதிதான் கிடைக்கும்" என்றான். வரவில்லையாம்! இரண்டு ராத்திரி அந்தக் களத்தில் படுத்திருந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறான். செவ்வாய் காலையில் 1,440 ரூபாய்க்கு ஒரு கோரிக்கை வந்தது, பின் நம்பர் போட்டு ஏற்றுக்கொண்டால் 14,400-ம் திரும்பி வரும் என்றான். நல்லவேளை மச்சான் பக்கத்தில் இருந்து போனைப் பிடுங்கினான். நம் கணக்குக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்கிறார்கள் என்றால் பணம் நம்மிடம் இருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க சார், நாங்க என்ன பண்ண முடியும்" என்றார்கள். அந்த ஆப்பில் புகார் கொடுத்தேன். அந்தப் பக்கம் விதிமுறை எதையும் மீறவில்லை என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. யார் படித்துப் பார்த்துப் பதில் சொன்னது? 14,400 ரூபாய் போய்விட்டது என்று எழுதியிருக்கிறேன், ரசீது வைத்திருக்கிறேன், லொகேஷன் வைத்திருக்கிறேன். எதையும் மீறவில்லையாம்.

நேற்றுதான் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தேன். வெள்ளி ராத்திரியே கூப்பிட்டிருக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரீஃபண்ட் வரும் என்று நாலு நாளை வீணாக்கினேன். அந்த நாலு நாள் கெடு வாங்கத்தான் அவன் அத்தனை இனிமையாகப் பேசினான்.

எப்படிப் பார்த்துப் புக் பண்ணுவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முழுப் பணத்தை முன்னாலேயே போடாதீர்கள். பக்கத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு நடை தோப்புக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு டீ செலவுதான். வீடியோ காலில் அந்த நிமிஷமே இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930.

அந்தப் பக்கம் இன்று காலை பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ரேஸுக்கு அதே வீடியோவைப் போட்டிருக்கிறது. ஆளுக்கு 3,900 ஆக்கிவிட்டான். பொள்ளாச்சிக்காரர்களும் நாங்களும் சேர்ந்து நாளைக்குக் கோயம்புத்தூர் போய் நேரில் புகார் கொடுக்கிறோம். இதே மாதிரி தென்னந்தோப்பு கேம்பிங் என்று பணம் போட்டவர்கள் யாராவது இருந்தால் இன்று ராத்திரிக்குள் எனக்குத் தகவல் அனுப்புங்கள், பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை மறக்காமல் வைத்திருங்கள். எத்தனை பேர் என்று கணக்குக் காட்டினால்தான் கொஞ்சமாவது காதில் வாங்குவார்கள்.