எட்டு பேர்ச்சஸில் வீடு: பிளான் பாஸ் பண்ண ஐந்து மாதம்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனின் ஓரமாக எட்டு பேர்ச்சஸ் (ஏறக்குறைய 2,180 சதுர அடி) காணி வாங்கினேன். தோட்டத்து லயக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) பிறந்த எங்கள் குடும்பத்தில் சொந்தக் காணி உறுதியோடு கட்டப்போகும் முதல் வீடு. மார்ச்சில் பிரதேச சபையில் கட்டிட அனுமதிக்கு விண்ணப்பித்தேன், ஆகஸ்டில் அனுமதிப் பத்திரம் கைக்கு வந்தது.

முதலில் பிரதேச சபைக் கவுண்டர். உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வீட்டு வரைபடம் எல்லாம் கொண்டு போனேன். வீதியின் எல்லையைக் காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பினார்கள். அதை எடுத்துப் போனால், வரைபடத்தில் மலசலகூடக் குழியைக் காட்டவில்லை என்றார்கள். மூன்றாம் தடவை போனபோதுதான் மண்சரிவு அறிக்கையும் வேண்டும் என்று சொன்னார்கள். முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் இரண்டு அரைநாள் லீவு மிஞ்சியிருக்கும். விண்ணப்பப் படிவமும் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. தமிழும் நிர்வாக மொழியாக இருக்கிற மாவட்டம் இது. எனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியும், சரி. பக்கத்தில் நின்ற தோட்டத்து ஐயா படிவத்தை நிரப்ப வெளியே ஒருவருக்குக் காசு கொடுத்தார். அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. இந்தக் கவுண்டருக்கு ஐந்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் என்னால் போட முடியாது.

பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்ன நாளில் வந்தார். குழி பக்கத்து வீட்டார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கிட்டே இருக்கிறது என்று மற்றப் பக்கம் மாற்றச் சொன்னார். நியாயமான பேச்சு.

மண்சரிவு ஆய்வுக்கு ஐந்துக்கு ஐந்தும் கொடுப்பேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரி மழையிலேயே வந்து, காணிக்குப் பின்னால் மேட்டின் உச்சி வரை ஏறினார். "மழைக்குத் தண்ணி எந்தப் பக்கத்தால வரும், அம்மா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த அம்மா, ஊற்று கிளம்பும் இரண்டு இடங்களைக் கைகாட்டினார். அவர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

எங்கள் வரைபடத்தில் பின்மேட்டைப் பத்து அடி செங்குத்தாக வெட்டி, தரையை ஒரே மட்டமாக்குவதாக இருந்தது. அப்படி வெட்டவே கூடாது என்று அறிக்கை வந்தது. வீட்டைச் சரிவுக்கு ஏற்றபடி, படி போல இரண்டு தட்டாகக் கட்ட வேண்டும். தாங்கு சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட வேண்டும். கூரைத் தண்ணீரை மண்ணில் ஊறவிடாமல் சீமெந்துக் கான் போட்டு ரோட்டு மதகில் சேர்க்க வேண்டும். வரைபடம் கீறும் ட்ராஃப்ட்ஸ்மனுக்கு இரண்டாம் தரமும் காசு போனது, அதற்கு வருத்தமில்லை. 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யார் மறப்பார்கள்?

சரிவில் காணி வாங்குகிறவர்கள், வரைபடம் கீறுவதற்கு முன்பே ட்ராஃப்ட்ஸ்மனை மழை நாளில் காணிக்குக் கூட்டிப் போங்கள். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் முடியாவிட்டால் நீடிக்க விண்ணப்பிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு, குடிபோகும் முன், அனுமதித்த வரைபடப்படியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

இரண்டு தட்டானதில் அம்மாவின் அறை கீழ்த்தட்டில், ரோட்டு மட்டத்திலேயே வந்துவிட்டது. படி ஏற வேண்டாம், குளியலறையும் உள்ளேயே. தை மாதத்தில் அத்திவாரம் வெட்ட நாள் பார்த்திருக்கிறோம்.